திரும்பி வரும்போது பேசுகிறவள்

இந்தக் காலத்துக் கார்கள் வாயை மூடுவதில்லை. கதவு சரியாகச் சாத்தாவிட்டால் ஒரு சத்தம், பெல்ட் போடாவிட்டால் ஒரு சத்தம், பின்னால் ஒரு நாய் படுத்திருந்தால் ஒரு சத்தம். ஓட்டுகிறவனுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் கம்பெனிக்காரன் காரையே செய்கிறான். என் வண்டிக்குப் பதினான்கு வயது. அதற்குத் தெரிந்த ஒரே சத்தம் ஹாரன். அதையும் நான் அழுத்தினால்தான் போடும்.

என் பெயர் பாலசுப்ரமணியன். துறைமுக அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பவானிபூரில் எங்கள் தெருவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாரும் வீட்டைக் காட்டமாட்டார்கள். 'மைலேஜ் தாதா' என்று கேட்க வேண்டும். தாதா என்றால் இங்கே அண்ணன். கிண்டலாக வைத்த பெயர்தான். ஆனால் லிட்டருக்குப் பதினெட்டுக் கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டுகிறவன் இந்தக் கொல்கத்தாவில் வேறு யாராவது இருந்தால் வந்து சொல்லட்டும். சிக்னலில் சிவப்பு விழுந்ததும் இன்ஜினை அணைத்துவிடுவேன். ஃப்ளைஓவரில் ஏறும்போது மிதிக்கிறதோடு சரி, இறக்கத்தில் நியூட்ரல். வண்டி தானாக உருண்டு வரும். ஏசி என்பது விருந்தாளிகளுக்கு. நமக்கு ஜன்னல் போதும்.

இதெல்லாம் வெறும் கஞ்சத்தனம் என்று என் மகள் மேக்னா சொல்வாள். இருக்கட்டும். எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரு வேலை கார் ஓட்டுவது. அந்த வேலைக்கு மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு அர்த்தம் வந்தது. என் மனைவி நாகலட்சுமிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன.

செவ்வாய், வியாழன், சனி. வாரத்தில் மூன்று நாள் சால்ட் லேக்கில் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். பத்தரைக்குப் படுக்க வைத்தால் இரண்டரைக்கு விடுவார்கள். டாக்டரிடம் பேசுவது, ரிப்போர்ட் பார்ப்பது, மாத்திரையை வேளைக்குப் பிரித்து வைப்பது எல்லாம் மேக்னா. நான் சமைத்தால் நாகுவால் வாயில் வைக்க முடியாது. அவள் கையில் ஊசி குத்தும்போது பக்கத்தில் நிற்கக்கூட எனக்குத் தைரியம் கிடையாது. அவளுக்காக நான் செய்யக்கூடியது என்று மிச்சம் இருந்தது ஸ்டியரிங் ஒன்றுதான். அதை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஓட்டுவதில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது. டயாலிசிஸ் முடிந்து வெளியே வருகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். துவைத்துப் பிழிந்த துணியாக வருவார்கள். காரில் ஏறியதும் தலை சாய்ந்துவிடும். நாகு மட்டும் அப்படி இல்லை. என் வண்டியில் உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் ஆரம்பித்துவிடுவாள். அடுத்த கட்டில்காரியின் மருமகள், லேக் மார்க்கெட்டில் வாழைப்பூ விற்கிற விலை, கீழ் வீட்டு மித்ரா பௌதி, அதாவது மித்ரா அண்ணி, துர்கா பூஜைக்கு எடுத்த புடவை, அந்தப் புடவையின் கரை, அந்தக் கரை ஏன் அவளுக்குப் பொருந்தாது என்பது. பைபாஸிலிருந்து வீடு வரை ஓயாது. வீட்டில் என்னோடு பத்து வார்த்தை பேசினால் அதிகம். காரில் ஆயிரம் வார்த்தை. நடுவில் கேள்வி வேறு கேட்பாள். பதில் சொல்லாவிட்டால் தொடையில் ஒரு தட்டு.

"பாருங்க, நம்ம வண்டியில ஏறினாலே நாகுவுக்குத் தெம்பு வந்துடுது" என்று ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் சொல்லுவேன். குழி பார்த்து, பிரேக்கை உதைக்காமல், பூப்போல ஓட்டுகிறேன், அதனால்தான் அவளுக்கு அலுப்புத் தெரியவில்லை என்று மனப்பூர்வமாக நம்பினேன்.

மேக்னா நியூ டவுனில் இருக்கிறாள், செக்டர் ஃபைவில் வேலை. பிறந்ததிலிருந்து இந்த ஊர்தான் என்பதால் கோபம் வந்தால் தமிழ் பாதியிலேயே நின்றுவிடும். ஏப்ரலில் ஒரு புதுக் கார் வாங்கினாள். ஆறு ஏர்பேக், முன்னால் கேமரா, பின்னால் கேமரா. அதைக் காட்ட வந்த அன்றைக்கே சண்டை.

"அப்பா, அந்த டப்பாவைக் குடுத்துடுங்க. ஏர்பேக் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அம்மாவ அதுல வச்சு வாரத்துல மூணு நாள் பைபாஸ்ல போறீங்க. எனக்கு ஆஃபீஸ்ல உக்காந்தா பயமா இருக்கு."

"முப்பது வருஷமா ஓட்டறேன். ஒருத்தனை இடிச்சிருக்கேனா?"

"நீங்க இடிக்கணும்னு இல்லப்பா. அடுத்தவன் இடிச்சா? இனிமே நான் கூட்டிட்டுப் போறேன், இல்லைன்னா கேப் புக் பண்றேன்."

"உன் அம்மாவை நான்தான் கூட்டிட்டுப் போவேன். அதுல பேச்சே இல்ல."

"தூர் பாபா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு வந்தது முழுக்க வங்காளி. நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். நாகு சமையலறை வாசலில் நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். யார் பக்கமும் பேசவில்லை.

வண்டியைக் கெடுத்தது கடைசியில் வேறு யாரும் இல்லை, நான்தான். ஜூலையில் ஒரு திங்கட்கிழமை. லேக் மார்க்கெட்டில் காபித்தூள் வாங்கிக்கொண்டு திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஹாஜ்ரா முனையில் முழங்கால் அளவு தண்ணீர். மெதுவாக, ஒரே சீராக மிதித்துக்கொண்டு வந்தால் என் வண்டி அதைக் கடந்திருக்கும். ஆனால் சிக்னலில் சிவப்பு விழுந்தது. பலகையில் தொண்ணூறு நொடி காட்டியது. கை தன்பாட்டுக்குச் சாவியைத் திருகி இன்ஜினை அணைத்துவிட்டது.

தண்ணீரில் நிற்கிற வண்டியின் இன்ஜினை அணைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். நாலு பேருக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பச்சை விழுந்ததும் சாவியைப் போட்டேன். ஒரு முறை இருமியது. இன்னொரு முறை போட்டேன். உள்ளே ஏதோ மடக்கென்றது, அவ்வளவுதான். நாலு பேர் தள்ளி ஓரம் கட்டினார்கள். காபித்தூளை மட்டும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தேன்.

மெக்கானிக் கேஷ்டோ பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். "மைலேஜ் தாதா, தண்ணியில ஆஃப் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டான். இன்ஜினை இறக்க வேண்டும், ஒரு மாதம் ஆகும் என்றான்.

மறுநாள் செவ்வாய். மேக்னா காலையிலேயே தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். இறங்கி, சாவியை என் கையில் கொடுத்தாள். வழியில் செக்டர் ஃபைவில் அவளை இறக்கிவிட்டுவிட்டு நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"நீயே ஓட்டேன்" என்றேன், வீறாப்புக்கு.

"அம்மாதான் உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க" என்றாள்.

அந்தக் காரில் கிளட்ச் கிடையாது. என் இடது கால் வழி நெடுக இல்லாத கிளட்சைத் தேடிக்கொண்டே வந்தது. கோடு தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது. கொல்கத்தாவில் கோட்டுக்குள் ஓட்டுகிறவன் யார்? பஸ்காரன் ஒட்டினால் கூவுகிறது, ஆட்டோக்காரன் குறுக்கே வந்தால் கூவுகிறது. ஏ.ஜே.சி. போஸ் ரோட்டில் ஏறி 'மா' என்கிற ஃப்ளைஓவரை விட்டு இறங்குவதற்குள் பதினேழு தடவை. ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடித்தது. சிக்னலில் நின்றதும் இன்ஜின் தானாக அணைந்தது, காலை எடுத்ததும் தானாகக் கிளம்பியது.

"பாத்தியா? நான் முப்பது வருஷமா செய்யறதை இவன் இப்பதான் கண்டுபிடிச்சிருக்கான்" என்றேன்.

"அது தண்ணில நிக்கும்போது ஆஃப் பண்ணாதுப்பா" என்றாள் மேக்னா பின்சீட்டிலிருந்து. நாகு சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

நாகுவை உள்ளே அழைத்துப் போனதும் வழக்கப்படி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு மணிக்குத் தயிர்சாதமும் மாவடுவும். அந்த ஹாலில் மின்விசிறி தலைக்கு மேலேயே சுற்றும். தூங்கக்கூடாது என்று எழுந்து நடப்பேன், மறுபடி உட்காருவேன். மூன்று மணிக்கு அவளைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து விட்டார்கள்.

முன்சீட்டில் ஏறினாள். பெல்ட்டை நானே மாட்டிவிட்டேன். சீட்டைக் கொஞ்சம் சாய்க்கச் சொன்னாள். கிளம்பினோம்.

சிங்கிரிகாட்டா வருவதற்குள் அடுத்த கட்டில்காரியின் மருமகள் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நானே எடுத்துக் கொடுத்தேன். "அந்த மருமக இன்னிக்கு வந்தாளா?" பதில் இல்லை. புதுக் கார், ஏசி, யோசனையில் இருக்கிறாள் போல என்று விட்டுவிட்டேன். ஜன்னல் மூடிய காரில் வெளிச் சத்தமே கேட்கவில்லை. பைபாஸ் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

'டிங்' என்றது கார். கண்ணாடிக்குக் கீழே உள்ள திரையில் ஆவி பறக்கிற ஒரு காபிக் கோப்பை வந்தது. விளம்பரம் என்று நினைத்தேன். மேக்னா எந்தக் காபிக் கடைக்குப் பணம் கட்டியிருக்கிறாளோ, காருக்குள்ளேயும் வந்து விற்கிறான்கள். வாய்விட்டுத் திட்டினேன். சிறிது தூரத்தில் மறுபடி 'டிங்', மறுபடி கோப்பை.

"நாகு, இதை எப்படி அணைக்கறது?" என்று திரும்பிப் பார்த்தேன். அவள் தலை கதவுப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது. ஊசி போட்ட கை மடியில் மல்லாந்து கிடந்தது.

எனக்கு உயிர் போய்விட்டது. மூன்று வருடத்தில் அவள் என் காரில் ஒரு தடவைகூடக் கண்ணை மூடியதில்லை. ரத்த அழுத்தம் இறங்கினால் இப்படி ஆகும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். ஃப்ளைஓவர் ஏறுவதற்கு முன்னால் இடது ஓரத்தில் நிறுத்தினேன். பின்னால் வந்த பஸ்காரன் என் பரம்பரையையே திட்டிக்கொண்டு போனான். அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "நாகு! நாகு!"

திடுக்கிட்டு விழித்தாள். என்னைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள்.

"என்னங்க, மணி அடிச்சிடுச்சா?" என்றாள்.

"என்ன மணி?"

"காபி கப்பு படம் வருமே."

"அது விளம்பரம். நீ ஏன் மயங்கிக் கிடந்தே? உனக்கு என்ன பண்றது?"

"மயக்கம் இல்லீங்க. தூங்கிட்டேன்." முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். "ஓட்டறவங்களுக்குக் கண்ணு சொருகினா இந்தக் காருக்குத் தெரிஞ்சுடுமாம். மணி அடிச்சு எழுப்புமாம். மேக்னா கார் வாங்கினப்பவே சொன்னா. அதான், இன்னிக்கு அது பாத்துக்கும்னு கொஞ்சம் கண்ணை மூடினேன்."

எனக்கு விளங்கவில்லை. உண்மையில் விளங்கிவிட்டது, ஒப்புக்கொள்ளத்தான் நேரம் பிடித்தது. "எனக்கு எங்கே கண்ணு சொருகுது?" என்றேன்.

அவள் தலைப்பின் முனையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள்.

"மொதல் வருஷம். ஞாபகம் இருக்கா, ஃப்ளைஓவர்ல வரும்போது திடீர்னு 'ஏங்க, கத்திரிக்கா வாங்கணும்'னு கத்தினேனே?"

நன்றாக ஞாபகம் இருந்தது. இதற்கு இப்படியா கத்துவது என்று அவளை அன்று கடிந்துகொண்டேன். கத்திரிக்காய் வாங்கவும் இல்லை.

"வண்டி சுவத்துப் பக்கம் போயிட்டிருந்துச்சு. பாத்தா நீங்க தூங்கறீங்க. எனக்கு வேற ஒண்ணும் வாயில வரலை. அன்னிலேருந்து பாக்கறேன், அந்த நேரம் உங்களுக்குக் கண்ணு சொருகுது. தயிர்சாதம் சாப்பிட்டு, ஹால்ல நாலு மணி நேரம் உக்காந்து… உங்க மேல தப்பு இல்ல. வயசும் ஆகுது. பேசிட்டே வந்தா முழிச்சுக்கறீங்க."

மூன்று வருடம். வாரத்தில் மூன்று நாள். நாலு மணி நேரம் ரத்தம் முழுவதும் வெளியே போய்ச் சுத்தமாகி உள்ளே வந்த உடம்போடு, படுக்க இடம் கிடைத்தால் போதும் என்று இருக்கிறவள், மித்ரா பௌதியின் புடவைக் கரையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்திருக்கிறாள். அதை நான் என் டிரைவிங்குக்குக் கிடைத்த சர்ட்டிபிகேட் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

"ஏன் சொல்லலை? மேக்னாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா வண்டியை நிறுத்திடுவா. நீங்களும் ஓட்டறதை விட்டுடுவீங்க." அவள் என் பக்கம் பார்க்கவில்லை. "எனக்கு உடம்புக்கு வந்ததுலேருந்து நீங்க தெம்பா இருக்கறது இதுல ஏறி உக்காரும்போது மட்டும்தான். அதையும் பிடுங்க வேண்டாம்னு பாத்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவமானமும் இருந்தது, அதைவிட பயம் அதிகமாக இருந்தது. அவளைப் பத்திரமாகக் கூட்டிப் போகிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும், எங்கள் இரண்டு பேரையும் அவள்தான் வீடு கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். அவளுக்கு ஒரு நாளைக்கு அளந்து வைத்த தண்ணீர் அது. நான் குடிக்கவில்லை.

"சரி, வண்டியை எடுங்க. நான் பேசிட்டு வர்றேன்" என்றாள்.

"வேண்டாம்" என்றேன். போனை எடுத்து மேக்னாவைக் கூப்பிட்டேன். "மேக்னா, எனக்குத் தூக்கம் வருதும்மா. என்னால ஓட்ட முடியாது. நீ வந்து ஓட்டறியா?"

ஏதாவது சொல்லிக் காட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "இருங்கப்பா, வர்றேன்" என்று மட்டும் சொன்னாள். அரை மணியில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். நான் பின்சீட்டுக்குப் போனேன். என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை. வீடு வந்து இறங்கும்போது மட்டும் என் கையை ஒரு முறை அழுத்திப் பிடித்தாள்.

வாரத்தில் மூன்று நாள் அவளால் ஆஃபீஸை விட்டு வர முடியாது. அதனால் வியாழக்கிழமை நானே போனில் கேப் புக் செய்தேன். அந்த ஆப்பை எப்படி இயக்குவது என்று கீழ் வீட்டு மித்ரா பௌதிதான் கற்றுக்கொடுத்தார். காலையில் போனது ஒரு மாதிரி போய்விட்டது. மதியம் மூன்று மணிக்கு வந்த டிரைவர் பீகாரில் சமஸ்திபூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். நானும் நாகுவும் பின்னால் உட்கார்ந்தோம்.

சிங்கிரிகாட்டா சிக்னலில் அவர் பெரிதாகக் கொட்டாவி விட்டார். நாகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். முன்னால் இருந்த சின்னக் கண்ணாடியில் அவர் கண்ணையே பார்த்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது, கழுத்தை நிறுத்தவே சிரமப்பட்டாள், ஆனாலும் அந்த மனிதரிடம் ஏதோ பேச்சுக் கொடுக்க வாயைத் திறந்தாள்.

நான் அவள் கையைப் பிடித்தேன். "நீ தூங்கு. நான் பேசறேன்."

"உங்களுக்கு என்னத்தைப் பேசத் தெரியும்?" என்றாள்.

நான் முன்னால் குனிந்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், "பாய் சாப், உங்க வண்டி லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?" என்று கேட்டேன்.

அவருக்குத் தூக்கம் ஓடிப் போய்விட்டது. லிட்டர் எங்கே, இது காஸ் வண்டி என்றார். கிலோவுக்கு இருபத்திரண்டு என்றார். ஏசியை ஓட விட்டுக்கொண்டு இருபத்திரண்டு கிடைக்க வாய்ப்பே இல்லை என்றேன். அவர் கோபித்துக்கொண்டார். ஃப்ளைஓவர் இறக்கத்தில் நியூட்ரல் போடுவீர்களா என்று கேட்டேன். அதெல்லாம் பழைய காலத்துப் பைத்தியக்காரத்தனம், பிரேக் பிடிக்காது என்றார். உண்மைதான். ஆனாலும் விடாமல் வாதாடினேன். பார்க் சர்க்கஸ் வரும்போது அவர் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து ஆட்டி ஆட்டி எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். கண் இரண்டும் நன்றாக விழித்திருந்தன. நாகுவின் தலை என் தோளில் விழுந்து கனத்தது. எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது, நிறுத்தவில்லை.

பவானிபூரில் வாசலில் கார் நின்றதும் அவளை மெதுவாக எழுப்பினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே பார்த்தாள்.

"அதுக்குள்ள வந்துட்டோமா?" என்றாள்.

மூன்று வருடத்தில் அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.